முந்திப் பழுக்கும் மந்தூரியா திராட்சை

இத்தாலியை வரைபடத்தில் பார்த்தால் பூட்ஸ் போட்ட கால் போலத் தெரியும். அதன் குதிகால்தான் புலியா மாநிலம். அங்கே தாரந்தோ மாவட்டத்தில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது மந்தூரியா என்ற சிறு நகரம். அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே மெல்லிய போர்வையாகச் செம்மண். கோடையில் மழை அபூர்வம். இந்த வறண்ட பூமியில் விளையும் 'பிரிமித்திவோ' என்ற கருந்திராட்சையில்தான் தெற்கு இத்தாலியின் மிகக் கடுமையான சிவப்பு ஒயின்களில் ஒன்று தயாராகிறது.

பெயரைக் கேட்டால் ஏதோ ஆதிகால ரகம் என்று தோன்றும். உண்மையில் 'முதலில் பழுப்பது' என்பதுதான் பொருள். 18-ம் நூற்றாண்டின் இறுதியில், இதே மாநிலத்தின் ஜோயா தெல் கொல்லே ஊரில் பிரான்செஸ்கோ பிலிப்போ இந்தெலிகாத்தி என்ற பாதிரியார் இருந்தார். பல ரகங்கள் கலந்து கிடந்த தோட்டத்தில், மற்றவற்றுக்கு முன்பே பழுக்கும் கொடிகளைக் கவனித்து, தனியாகப் பிரித்து நட்டு, இந்தப் பெயரை வைத்தவர் அவர்தான்.

ஆகஸ்ட் கடைசியிலேயே அறுவடை தொடங்கிவிடும். இலையுதிர்கால மழை வருவதற்குள் பழம் வீடு வந்து சேர்ந்துவிடும் என்பது பெரிய நிம்மதி. இன்னொரு விசேஷம், பக்கக் கிளைகளிலும் இது சிறு கொத்துகள் விடும். சில வாரம் கழித்து அவற்றை இரண்டாவது முறையாகப் பறிக்கிறார்கள். ஒரே கொத்திலேயே சில பழங்கள் காயாக இருக்க, சில பழங்கள் உலர்திராட்சை போலச் சுருங்கிவிடும். அதனால் சாற்றில் சர்க்கரை ஏறிவிடுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவிகிதம் ஆல்கஹால் கிடைக்கும். இந்த ஒயினில் 14 முதல் 16 சதவிகிதம் வரை இருக்கும். சாதாரண பீரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சாப்பாட்டோடு சிறு கோப்பை என்பதுதான் அங்கே வழக்கம். மடமடவென்று குடிக்கிற சரக்கு அல்ல.

புலியாவில் சாப்பாட்டுத் திராட்சைக்கு, கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பது போலவே பந்தல் உண்டு. ஆனால், மந்தூரியாவின் பழைய தோட்டங்களில் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. கொடியைக் கவாத்து செய்து, இடுப்பளவுகூட வராத குத்துச்செடியாக நிறுத்திவிடுகிறார்கள். 'அல்பெரெல்லோ', அதாவது குட்டி மரம் என்று பெயர். வேர் பாறை இடுக்கில் இறங்கி ஈரம் தேடும். சொந்த இலையே பழத்துக்கு நிழல். எல்லாம் கை வேலை, மகசூலும் குறைவு.

அந்தக் காலத்தில் இந்த ஒயினுக்குப் பெயரும் இல்லை. வடக்கே தயாரான வெளிறிய ஒயினுக்கு வலு சேர்க்க டேங்கர் டேங்கராக அனுப்பினார்கள். பிறகு ஐரோப்பாவில் ஒயின் தேங்கியது. கொடியைப் பிடுங்கினால் மானியம் என்று 1988-ல் திட்டம் வந்தது. கூலிக்கும் கட்டாத பழைய தோட்டங்களைப் பலர் பிடுங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால், 1990-களில் மரபணுச் சோதனை, அமெரிக்காவில் பிரபலமான 'சின்பாண்டல்' திராட்சையும் பிரிமித்திவோவும் ஒன்றே என்று உறுதி செய்தது. உலகம் திரும்பிப் பார்த்தபோது, பிடுங்காமல் விட்ட கிழட்டுக் கொடிகளின் பழத்துக்குத்தான் மவுசு.

1974 முதலே ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஹெக்டேருக்கு 9 டன், அதாவது ஏக்கருக்குச் சுமார் 3.6 டன்னுக்கு மேல் விளைவித்தால் அந்தப் பெயரைப் போட முடியாது. பந்தல் விவசாயிகளுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம்.

கடுமையான ஒயினுக்குக் கனமான சாப்பாடு வேண்டும். ரவையும் தண்ணீரும் பிசைந்து, காது மடல் போலக் கட்டைவிரலால் அழுத்திச் செய்யும் 'ஒரெக்கியெத்தே', அதன்மேல் தக்காளியில் மணிக்கணக்கில் வெந்த இறைச்சிக் குழம்பு, சுட்ட ஆட்டுக்கறி, கயிற்றில் தொங்கவிட்டு முதிரவைத்த பாலாடைக்கட்டி ஆகியவை பொருந்தும். கொழுப்பை ஒயினின் துவர்ப்பு அறுத்துவிடும். மென்மையான மீனோடு சேராது, மீனின் ருசியே தெரியாமல் போய்விடும். காரம் அதிகமானால் ஆல்கஹால் நாக்கின் எரிச்சலைக் கூட்டும். கொடியிலேயே வாடவிட்ட பழத்தில் செய்யும் இனிப்பு ஒயினுக்கு, பாதாம் பலகாரமும் உலர் அத்தியும்தான் ஜோடி.

பாட்டில்கள் வெளிநாடு போகின்றன. உள்ளூர்க்காரர்களோ கூட்டுறவு ஆலைக்குக் கேனோடு வருகிறார்கள். பெட்ரோல் பங்க் போலக் குழாய் வழியாக லிட்டர் கணக்கில் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கறிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார்கள்.