சரிபார்த்தவர்

பொறியியல் வரைபடத்தின் வலப்பக்கக் கீழ்மூலையில் ஒரு தலைப்புக் கட்டம் உண்டு. பொருளின் பெயர், அளவு விகிதம், வரைபட எண் ஆகியவற்றோடு மூன்று சிறு பெட்டிகளும் அதில் இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். கோட்டின் தடிப்பு முதல் எழுத்தின் உயரம் வரை அனைத்துக்கும் தர விதிகள் உள்ளன. அவற்றைக் கற்க எங்களுக்குச் சில மாதங்கள் போதுமாயிருந்தன. நடுப்பெட்டியின் பொருளைக் கற்கவோ பல ஆண்டுகள் ஆயின.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையின் வரைவுக் கூடத்தில் நாங்கள் எழுவர் பணியாற்றினோம். சாய்வுப் பலகை, டிரேசிங் தாள், மைப்பேனா, அம்மோனியா நெடி வீசும் பிரதி இயந்திரம் இவையே எங்கள் உலகம். 1987இல் முதன்முதல் வெளியான ஐ.எஸ்.ஓ. 9001 தரநியமம் அப்போது, 1994இல், திருத்தப்பட்டிருந்தது. வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்ப விரும்பிய பல ஆலைகள் அச்சான்றிதழை நாடின. எங்கள் ஆலையும் நாடியது. அந்நியமம் பொருளை நேராக அளந்து பார்ப்பதன்று. தரத்தைக் காக்கும் ஒழுங்குமுறை உண்டா, அது எழுதிவைத்தபடி நடக்கிறதா என்பதையே தணிக்கையாளர் பார்ப்பார். வடிவமைப்பு சரிபார்க்கப்பட்டதற்குப் பதிவு இருக்கவேண்டும்.

தணிக்கைக்கு ஒரு வாரம் இருக்கையில் பழைய வரைபடங்களை எடுத்துப் பார்த்தோம். முந்நூற்றுக்கு மேற்பட்டவற்றில் நடுப்பெட்டி வெறுமையாய் இருந்தது. முறையாகச் சரிபார்த்தால் மாதங்கள் ஆகும். நாங்கள் இரண்டே இரவுகளில் முடித்தோம். ஒருவர் வரைந்ததில் மற்றொருவர் கையெழுத்திட்டோம். ஒரே நாளில் இட்டதாகத் தோன்றாதிருக்கப் பேனாக்களை மாற்றினோம், முன்தேதிகளை எழுதினோம். தணிக்கையாளர் பாராட்டிச் சென்றார். சான்றிதழ் வந்தது, சட்டமிட்டு வாயிலில் மாட்டினார்கள், அனைவருக்கும் லட்டு வழங்கினார்கள்.

சில மாதங்கள் கழித்து, அமெரிக்க வரைபடம் ஒன்றிலிருந்து நாங்கள் முன்பு படியெடுத்திருந்த தாங்கியின் வரைபடம் பட்டறைக்குச் சென்றது. அமெரிக்காவில் மூன்றாங்கோண முறை வழக்கம். பொருளை வலப்புறமிருந்து காணும் தோற்றத்தை வலப்புறமே வரைவர். எங்கள் ஆலையில் முதற்கோண முறை; அதில் வலப்புறம் வரைவது இடப்புறமிருந்து காணும் தோற்றம். நாங்கள் தோற்றங்களை இருந்தபடியே படியெடுத்துவிட்டு, எங்கள் தாளில் அச்சாகியிருந்த முதற்கோணக் குறியீட்டை மாற்றாது விட்டிருந்தோம். பட்டறைத் தொழிலாளி குறியீட்டை நம்பினார். நாற்பது தாங்கிகளும் இடவலம் மாறிப் பயனற்றுப் போயின.

மேலாளர் வரைபடத்தைப் பார்த்தார். நடுப்பெட்டியில் கையெழுத்து இருந்தது. "இது சரிபார்த்த வரைபடம். படிக்கத் தெரியாமல் வேலையைக் கெடுத்தவன் நீதான்" என்று அவர் கூலியில் பிடித்தம் செய்ய உத்தரவிட்டார். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொய்ச்சான்றை விலக்கும் எட்டாம் கட்டளையைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் எங்களிடையே இருந்தோம். அது நீதிமன்றக் கூண்டுக்கு உரியது என்றே எண்ணியிருந்தோம். சிறு பெட்டிக்குள் இட்ட சுருக்கொப்பமும் குற்றமற்றவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்பதை அன்று கண்டோம்.

மூன்றாம் நாள் எங்களில் மூத்தவர் மேலாளரிடம் சென்று உண்மையைச் சொன்னார். பின்னாலேயே நாங்களும் போய் நின்றோம். பிடித்தம் நீங்கியது. மன்னிப்புக் கேட்கச் சென்றபோது அத்தொழிலாளி சொன்னது இவ்வளவுதான்: "உங்க கையெழுத்து இருந்ததாலதானே சார் நான் மறுபடி கேக்கல."

எங்கள் பிழையால் வீணானது இரும்பு. இதே வகைப் பிழையால் உயிர்கள் போனதும் உண்டு. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் நகர விடுதி ஒன்றில், கூரையிலிருந்து தொங்கிய இரு நடைபாலங்கள் கீழிருந்த கூட்டத்தின்மேல் இடிந்து விழுந்தன. 114 பேர் மாண்டனர். மேற்பாலம், கீழ்ப்பாலம் இரண்டையும் ஒரே நீண்ட கம்பி தாங்குவதாகவே முதலில் வரைந்திருந்தார்கள். பின்னர் அதை இரு கம்பிகளாக மாற்றிக் கீழ்ப்பாலத்தை மேற்பாலத்திலேயே தொங்கவிட்டனர். ஒரே கிணற்றுக்கயிற்றில் இரு குடங்களைத் தனித்தனியே கட்டுவதற்கும், மேற்குடத்தின் கழுத்திலிருந்து கீழ்க்குடத்தைத் தொங்கவிடுவதற்கும் உள்ள வேறுபாடு அது. மேற்பால இணைப்பின் சுமை இரட்டிப்பாயிற்று. அந்த வரைபடத்தில் பொறியாளர் நிறுவனத்தின் பரிசீலனை முத்திரை இருந்தது. இணைப்புக்கான கணக்கு மட்டும் போடப்படவில்லை.

அதன்பின் அந்த முந்நூறு வரைபடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து உண்மையாகவே சரிபார்த்தோம். பிழைகள் இருந்தன. இப்போது வரைபலகை போய்க் கணினி வந்துவிட்டது. தரநியமமும் 2000, 2008, 2015 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் திருத்தப்பட்டது. நடுப்பெட்டியில் பெயரை நிரப்ப இன்று பேனாக்கூட வேண்டாம். ஆகவே சோதனையும் எளிதாகிவிட்டது.

விடுதலைப் பயண நூலில் சந்திப்புக் கூடாரத்தின் நீள அகலங்கள் முழக்கணக்கில் சொல்லப்படுகின்றன. இளமையில் அப்பகுதிகளைச் சலிப்போடு புரட்டியிருக்கிறோம். இப்போது அங்கே ஓரிடத்தில் நின்றுவிடுகிறோம். வேலை முடிந்தபின் மோசே எல்லாவற்றையும் பார்வையிடுகிறார்; கட்டளைப்படியே அமைந்திருப்பதைக் காண்கிறார்; பிறகே வேலை செய்தவர்களுக்கு ஆசி வழங்குகிறார். முதலில் பார்வை, பிறகு ஆசி. நாங்கள் அந்த இரு இரவுகளில் பாராமலே ஆசி வழங்கினோம். இன்றும் பேனாவை எடுக்கும்போது, "உங்க கையெழுத்து இருந்ததாலதானே சார்" என்ற குரல் காதில் விழுகிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வரைபடத்தை முதற்கோட்டிலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்குகிறோம்.