கைபிடித்துக் காட்ட ஒருவர்



லிந்துலையில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பனிமூட்டம் மலையிலிருந்து இறங்கிவிடும். அப்படியொரு மாலையில், மஃரிப் தொழுதுவிட்டு வீடு திரும்பியபோது, முன்னறையில் ஒரு பிள்ளை தன் உம்மாவுடன் உட்கார்ந்திருந்தாள். சிறு வயதில் என்னிடம் இஸ்லாம் பாடம் படித்தவள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் படித்துப் பட்டம் பெற்று, மலைநாட்டில் ஓரிடத்தில் வேலை ஏற்று நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"சேர், என் கையிலே ஒரு மாடு செத்துப் போச்சு" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவின் மாடு அது. கன்று ஈன்று இரண்டாம் நாள் படுத்துவிட்டது. அந்த வீட்டில் மூன்று பிள்ளைகளின் படிப்புச் செலவு அந்த மாட்டின் பாலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரவில், மழையில், தன்னந்தனியாக இவள் போய்ப் பார்த்திருக்கிறாள். பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உண்மையில் உடம்பு குளிர்ந்துபோகும், காதைத் தொட்டால் சில்லென்றிருக்கும். நிறையப் பால் தரும் மாடு கன்று ஈன்றதும் அதன் இரத்தத்திலுள்ள கல்சியம் பாலோடு போய்விடுவதால் வருவது. கல்சிய மருந்தை நரம்பு வழியே ஏற்ற வேண்டும். அதையும் மெதுவாக, இதயத் துடிப்பைக் கேட்டபடியே ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம்.

"மெதுவாத்தான் ஏத்தினேன் சேர். இல்லாட்டி வேகமா ஏத்திட்டேனோ? எனக்கே தெரியல்லை. அந்த அம்மா மாட்டுட தலையை மடியிலே வச்சுக்கிட்டு என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க."

நான் என்ன சொன்னேன்? ஒரு மவ்லவி சொல்லக்கூடியதைச் சொன்னேன். கழா கத்ரைப் பற்றிச் சொன்னேன். பொறுமையைப் பற்றிச் சொன்னேன். ஹயாத்தும் மவ்த்தும் அல்லாஹ்வின் கையில் என்றேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனாள். நான் சொன்னவை அத்தனையும் உண்மைதான். ஆனால் அவள் கேட்டு வந்தது அதுவல்ல என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவளுடைய உம்மா என் மனைவியிடம் வந்து, பிள்ளை வேலையை விடப்போவதாகச் சொல்லி அழுதார். கொழும்பில் ஏதாவதொரு கம்பனியில் மேசை வேலை தேடுகிறாளாம். "பொம்பிளைப் பிள்ளைக்கு மாட்டு டொக்டர் வேலை எதுக்கு என்று அன்றைக்கே சொன்னோமே" என்று சொந்தக்காரர்கள் பேசத் தொடங்கிவிட்டார்களாம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மிம்பரில் ஏறி நான் செய்த முதலாவது குத்பா நினைவுக்கு வந்தது. அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியிருந்தேன். ஆனாலும் ஜமாஅத்தார் முன்னே நின்றபோது கால் நடுங்கியது. முதல் ஸஃப்பில் என் உஸ்தாத் உட்கார்ந்திருந்தார். தொழுகை முடிந்ததும் என்னைத் தனியே அழைத்து, எந்த எழுத்தைப் பிழையாக மொழிந்தேன், எந்த இடத்தில் அவசரப்பட்டேன் என்று சொன்னார். பிறகு, "மற்றதெல்லாம் சரி. அடுத்த ஜும்ஆவும் நீதான்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இன்றுவரை என்னை மிம்பரில் நிறுத்தி வைத்திருக்கிறது.

இந்தப் பிள்ளைக்கு முதல் ஸஃப்பில் உட்கார்ந்திருப்பவர் யார்?

நம் நாட்டில் மிருக வைத்தியப் பட்டம் தரும் பீடம் பேராதனையில் மட்டுமே உள்ளது. 1947 இல் கொழும்பில் தொடங்கிய கற்கை அது. பின்னர் பேராதனைக்குப் போனது. 1956 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு பெற்ற பின்னரே ஒருவர் மிருக வைத்தியராகத் தொழில் செய்யலாம். அவருக்குத் துணையாக நிற்பவர்கள் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். குண்டசாலையில் உள்ள பண்ணை வளர்ப்புக் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளோமா முடித்து வருபவர்கள். மாட்டைச் சினைப்படுத்துவதும், தடுப்பூசி போடுவதும், தோட்டம் தோட்டமாக, பட்டி பட்டியாகப் போய் வருவதும் பெரும்பாலும் அவர்களே. படிப்புக்குக் குறையில்லை. ஆனால் அரச அலுவலகங்களில் பெரும்பாலும் ஒரு பிரிவுக்கு ஒரு மிருக வைத்தியர்தான். புதிதாக வருபவர் முதல் நாளிலேயே தனியாள். மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டர், பட்டம் பெற்றதும் பெரிய ஆஸ்பத்திரியில் மூத்தவர்களின் கண் பார்வையில் ஒரு வருடம் பயில்கிறார். மாட்டுப்பட்டியில் அந்த மூத்தவர் இல்லை. நோயாளியோ வாய் திறந்து சொல்லாது.

மறுநாள் காலை, எங்கள் பகுதிக் கால்நடை உத்தியோகத்தரைத் தேடிப் போனேன். தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, முப்பது வருடமாக இந்த மலைகளில் ஏறி இறங்குபவர். விஷயத்தைச் சொன்னதும், "மொலவி, இதுக்கு நம்ம பெரிய டொக்டர்தான் சரி" என்றார். தலவாக்கலையில் ஓய்வாக இருக்கும் சிங்களப் பெரியவர் ஒருவரை அவர் சொன்னார். எழுபது வயது தாண்டியவர், இளமையில் இவருக்கே வேலை பழக்கியவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளையும் உம்மாவோடு வந்தாள். பெரியவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, "மகள், முதல்லருந்து சொல்லுங்க. எத்தனை மணிக்குப் போனீங்க? மாடு எப்படிப் படுத்திருந்திச்சு?" என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்லக் குறுக்கே கேள்வி கேட்டார். மருந்தின் அளவு, ஏற்றிய நேரம், துடிப்பு எல்லாவற்றையும் கேட்டார். முடிவில் சொன்னார்:

"மருந்து சரி. அளவு சரி. வேகமும் சரிதான். ஒண்ணு மட்டும் விட்டுட்டீங்க. மாடு பக்கவாட்டிலே சாஞ்சு கிடந்திச்சு. அப்படிக் கிடந்தா வயிறு ஊதி மூச்சை அடைக்கும். முதல்ல வைக்கோல் மூட்டையை அண்டக் கொடுத்து நெஞ்சிலே நிமிர்த்தி வைக்கணும். ஆனா அந்த நிலைமைக்கு வந்த மாடு, நான் போயிருந்தாலும் பிழைச்சிருக்கும்னு சொல்ல முடியாது. அடுத்த முறை மூட்டை முதல்ல, ஊசி பிறகு."

அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஒரு மணி நேரம் பேசியும் இறங்காத பாரம் அது. "உன் மேல் பிழையில்லை" என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. எதில் பிழை, எதில் பிழையில்லை என்று தெரிந்தவர் பிரித்துச் சொன்னதும் நம்பினாள்.

அதன் பின் இரண்டு மாதம் கழித்து, ஓரிரவு இஷாவுக்குப் பிறகு அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. மேல் தோட்டத்தில் ஒரு மாடு ஈன முடியாமல் தவிக்கிறது; வாப்பா ஊரில் இல்லை; துணைக்கு வர முடியுமா என்று கேட்டாள். நானும் மனைவியும் ஆட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு போனோம். உத்தியோகத்தர் ஏற்கெனவே அங்கே நின்றார். மனைவி டோர்ச் பிடித்தாள். பிள்ளை சவர்க்காரம் போட்டுக் கையைத் தோள் வரை கழுவி உள்ளே விட்டாள். அரை மணி நேரமாகியும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கையை எடுத்துத் துடைத்துவிட்டுப் பெரியவருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"படிச்ச பிள்ளைக்கு இது தெரியாதா?" என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். என் மனைவியின் முகத்திலும் அதே கேள்வி இருந்தது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32 கேள்விகளுக்குத் "தெரியாது" என்றே அவர்கள் விடையளித்ததாகச் சொல்லப்படுகிறது. தெரியாததைத் தெரியாது என்பவரிடம்தான் நம் உயிரையும் நம் மாட்டின் உயிரையும் நம்பி ஒப்படைக்கலாம் என்று மனைவியிடம் மெல்லச் சொன்னேன்.

பெரியவர் கம்பளித் தொப்பியோடு வந்து சேர்ந்தார். "கைக்கு என்ன படுது மகள்?" என்று கேட்டார்.

"முன்னங்கால் ரெண்டும் இருக்கு சேர். தலை கிடைக்கல்லை."

அவர் கையைக் கழுவினார். "கொஞ்சம் நகருங்க, காட்டுறேன்" என்றார். கையைத் தோள் வரை உள்ளே விட்டு, தான் செய்வதை ஒவ்வொன்றாகச் சொன்னார். கன்றின் தலை பின்பக்கமாகத் திரும்பியிருக்கிறது; முதலில் கன்றை உள்ளே தள்ளி இடம் எடுக்க வேண்டும்; அதன் பல் கர்ப்பப்பையைக் கிழிக்காதபடி உள்ளங்கையால் வாயை மூடிப் பிடித்துத் தலையைத் திருப்ப வேண்டும். இதைச் சொன்னவர் அதை முடிக்கவில்லை. கையை வெளியே எடுத்து, "இப்ப நீங்க" என்று விலகி நின்றார்.

"மாடு முக்குது, பொறுங்க மிஸ்... இப்ப தள்ளுங்க" என்று உத்தியோகத்தர் மாட்டின் விலாவில் கை வைத்தபடி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன நேரத்துக்கு அவள் தள்ளினாள். பத்து நிமிடம் போயிருக்கும். "தலை வந்திட்டுது சேர்!" என்றாள். பிறகு கயிறு போட்டு, மாடு முக்கும்போது மட்டும் இழுத்து, கன்றை வெளியே எடுத்தார்கள். மூக்கைத் துடைத்து, சாக்கால் உடம்பைத் தேய்த்ததும் அது தும்மியது. பெட்டைக் கன்று. அல்ஹம்துலில்லாஹ்!

திரும்பி வரும் வழியில் ஒரு ஹதீஸ் என் நினைவில் ஓடிக்கொண்டே வந்தது. அபூஸயீத் அல்குத்ரீ (ரழி) அவர்கள் அறிவித்து அபூதாவூதில் பதிவான சம்பவம். ஓர் ஆட்டின் தோலை உரிக்கத் தெரியாமல் உரித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனை நபி (ஸல்) அவர்கள் கடந்து போனார்கள். அவனைச் சற்று விலகச் சொல்லி, தோலுக்கும் இறைச்சிக்கும் இடையே தம் புனிதக் கரத்தை அக்குள் மறையும் வரை நுழைத்துக் காட்டினார்கள். பின்பு வேலையை அவனிடமே விட்டுவிட்டுத் தொழுவிக்கப் போனார்கள். இந்த ஹதீஸை நான் எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். அதனால் வுழூ முறியுமா முறியாதா என்ற மஸ்அலாவை மட்டுமே பார்த்திருக்கிறேன். ஒரு தொழிலை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற பாடமும் அதற்குள் இருப்பதை அந்த மாட்டுப்பட்டியில்தான் கண்டேன். ஏசவில்லை, அவன் வேலையைப் பறித்துத் தாமே முடிக்கவுமில்லை. காட்டிக் கொடுத்துவிட்டு, செய்ய விட்டார்கள்.

நம் முன்னோர் இந்தத் துறையை இழிவாக எண்ணவில்லை. மிருக வைத்தியருக்கு அரபியில் 'பைத்தார்' என்று பெயர். மூலிகை நூலால் உலகப் புகழ் பெற்று 1248 இல் டமஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தாரின் பெயருக்கே 'மிருக வைத்தியரின் மகன்' என்றுதான் பொருள். எகிப்தில் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் குதிரை லாயங்களுக்குப் பொறுப்பாக இருந்த அபூபக்ர் அல்பைத்தார் (மறைவு 1340) தம் தந்தையிடமே தொழில் கற்றவர். 'காமிலுஸ் ஸினாஅதைன்' என்று அவர் எழுதிய நூலின் பெயரில் இரண்டு கலைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று வைத்தியம், மற்றது பிராணியைப் பேணி வளர்ப்பது. டொக்டரின் வேலையும் உத்தியோகத்தரின் வேலையும் ஒரே நூலில் அருகருகே அமர்ந்திருக்கின்றன, பாருங்கள்!

1761 இல் பிரான்ஸின் லியோன் நகரில் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரி நிறுவப்பட்ட பின் படிப்பு வகுப்பறைக்குள் வந்தது. நல்லதுதான். ஆனால் வகுப்பறை மட்டும் போதாது என்று உலகம் மீண்டும் உணர்ந்திருக்கிறது. பிரித்தானியாவில் 2007 முதல் புதிய பட்டதாரிகள் தம் ஆரம்ப கால அனுபவங்களைப் பதிந்து காட்ட வேண்டியிருந்தது. 2021 முதல், பயிற்சி பெற்ற மூத்தவர் ஒருவர் அவர்களுக்கு ஆலோசகராக வேலைத் தலத்திலேயே அமர்த்தப்படுகிறார். மிருகத் தாதியராகப் பயில்வோருக்கும் அங்கே பக்கத்தில் நின்று பழக்குபவர் உண்டு. நாம் அந்த ஏற்பாடு வரும் வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

சகோதரிகளே, உங்கள் மகளோ மருமகளோ இத்துறையில் இருந்தால் "மாட்டு வேலை" என்று சொல்லி அவள் மனதை உடைக்காதீர்கள். வாயில்லா ஜீவனின் வேதனை தீர்ப்பது நன்மைக்குரிய காரியம். டிப்ளோமா முடித்த பிள்ளையை டொக்டரை விடக் குறைவாகவும் எண்ணாதீர்கள். அவள் இரவில் யாருக்காவது தொலைபேசி எடுத்துச் சந்தேகம் கேட்டால் அதைக் குறையாகப் பேசாதீர்கள். உங்கள் வீட்டில் ஓய்வு பெற்ற தகப்பனாரோ பெரிய மாமாவோ, எந்தத் தொழில் தெரிந்தவராகவும் இருக்கட்டும், இருந்தால் அந்த அறிவை மையித்தோடு கபுருக்குப் போக விடாதீர்கள். இளையவர் ஒருவரைத் தேடிப் பிடித்து அவர் முன்னே உட்கார வையுங்கள்.

அந்தப் பிள்ளை கொழும்புக்குப் போகவில்லை. சென்ற மாதம் தலவாக்கலை பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். புதிதாக வந்த ஓர் உத்தியோகத்தர், தோட்டத்துப் பிள்ளைதான், அவளோடு நின்றாள். "இவங்களுக்கு ஊசி போடக் கை நடுங்குது சேர். இன்றைக்கு நான் பக்கத்திலே நிற்கப் போறேன்" என்றாள்.

அல்லாஹ் அவர்கள் இருவரின் கைகளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.