நடை பழகுதல்

மனிதன் நடக்கக் கற்றுக்கொள்வது ஒரே ஒரு தடவைதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் நினைவு தெரியாத வயதில், சுவரையும் தாயின் விரலையும் பிடித்துக்கொண்டு. விழுந்ததும் அழுததும் ஞாபகமில்லை. ஆகையால் நடை என்பது மூச்சைப் போலக் கூடவே பிறந்தது என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு. நாற்பத்தைந்தாம் வயதில் இரண்டாம் தடவையாக நடக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அது எத்தனை பெரிய வித்தை என்பது எனக்குப் புரிந்தது.

என் வலது தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போவது நின்றுவிட்டது. ரத்தம் போகாத எலும்பு செத்துவிடும்; செத்த எலும்பு உடம்பின் பாரத்தைத் தாங்காமல் நசுங்கும். தலை நசுங்கினால் அது சுழலுகிற கிண்ணமும் தேயும். குடியால் சிலருக்கு இது வருகிறது. நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டதால் சிலருக்கு வருகிறது. காரணம் இன்னதென்று புலப்படாமலும் சிலருக்கு வருகிறது. நான் மூன்றாவது ரகம். மூன்று வருஷம் நொண்டினேன். அப்புறம், மூட்டையே மாற்றிவிடலாம் என்றார் டாக்டர்.

மாற்றுவது என்றால், செத்த தலையை அறுத்து எடுத்துவிட்டு, தொடை எலும்பின் குழலுக்குள் உலோகத் தண்டு ஒன்றைச் செருகி, அதன் நுனியில் ஒரு குண்டைப் பொருத்துவது. இடுப்பெலும்பில் ஒரு புதுக் கிண்ணம் வைப்பது. குண்டும் கிண்ணமும் உராய்ந்து தேயக் கூடாது. சூட்சுமம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி என்ற சர்ஜன் முதலில் டெஃப்லானில் கிண்ணம் செய்து பார்த்தார். சுமார் 300 பேருக்கு வைத்த கிண்ணங்கள் சில வருஷங்களிலேயே தேய்ந்து போயின. அந்தப் பொருள் சதையை என்ன செய்கிறது என்று அறிய, அதைத் தம்முடைய தொடையிலேயே புதைத்துப் பார்த்தார் மனிதர். 1962-ல் வேறொரு பிளாஸ்டிக் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. லங்காஷயர் நெசவாலைகளில் தறிகளின் பல்சக்கரத்துக்கு உபயோகமான சரக்கு. சார்ன்லி நகத்தால் அழுத்திப் பார்த்து, உதவாது என்று போய்விட்டார். உதவியாளர்தான் அதை எந்திரத்தில் போட்டு ஓட்டிப் பார்த்தார். தேய்மானம் மிகச் சொற்பமாக இருந்தது. அந்த வருஷம் நவம்பரிலேயே அது மனித உடம்புக்குள் போயிற்று. லான்செட் என்ற மருத்துவ இதழில் 2007-ல் வந்த ஒரு கட்டுரை, இதை நூற்றாண்டின் ஆபரேஷன் என்று தலைப்பிட்டே சொல்லியிருக்கிறது.

நான் கோயம்புத்தூரில் மில் சங்கைக் கேட்டு வளர்ந்தவன். என் தகப்பனார் தறிச் சத்தத்திலேயே காது மந்தமானவர். தறிக்குப் பிறந்த பிளாஸ்டிக்கின் வழித்தோன்றல் ஒன்று என் இடுப்புக்குள் சுழலப் போகிறது என்று தெரிந்ததும் பாதிப் பயம் தீர்ந்தது. யாரோ சொந்தக்காரர் துணைக்கு வருகிற மாதிரி இருந்தது.

மீதிப் பயத்துக்கு இடமில்லாமல் வேலை வந்து சேர்ந்தது. ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பே பிஸியோதெரபி தொடங்கிவிட்டது. "அப்புறம் கத்துக்கலாம்னா வலியில ஒண்ணும் மண்டைல ஏறாதுங்க சார். இப்பவே பழகிக்கோங்க" என்றாள் அந்தப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கப் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். முழங்காலைக் கட்டிலில் அழுத்தித் தொடைச் சதையை இறுக்கி, ஐந்து எண்ணி விட வேண்டும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதுபோல, கூடத்தில் நடந்து பார்க்க வேண்டும். இதற்கிடையில் என் மனைவி வீட்டையே ஒரு தரம் மாற்றிக் கட்டினாள். காலைத் தடுக்கும் விரிப்புகள் பரணுக்குப் போயின. கட்டிலின் கால்களுக்கு அடியில் கட்டைகள் வந்தன. குனிந்து எடுக்கும் பொருளெல்லாம் மார்பு உயரத்துக்கு ஏறின.

ஆபரேஷன் சுமார் இரண்டு மணி நேரம். முதுகில் ஊசி போட்டிருந்தார்கள், வலியில்லை. ஆனால் திரைக்கு அப்பால் சுத்தியல் சத்தம் கேட்டது. தச்சுப் பட்டறைத் திண்ணையில் தூங்குகிறோம் என்று எண்ணிக்கொண்டேன். மறுநாளே நிற்க வைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் விதிகள். எனக்குப் பின்புறமாகத் திறந்து செய்த ஆபரேஷன். ஆகையால் இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. மீறினால் குண்டு கிண்ணத்தை விட்டு நழுவிவிடலாம். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது புதுக் கால் முதலில். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்துவிடலாம். சம்மணம் போட்டு உட்காருவதை விடச் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. நாம் தரையில் வாழ்ந்த ஜனங்கள். பந்தியில் எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, நான் ஒருவன் மட்டும் நாற்காலியில் கலெக்டர் மாதிரி வீற்றிருப்பது இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வாக்கர் போய்த் தடி வந்தது. வலது இடுப்பில் ஆபரேஷன் என்றால் தடி எந்தக் கையில்? பத்துப் பேரில் ஒன்பது பேர் வலது கை என்பார்கள். இடது கைதான் சரி. காலேஜில் இரண்டு வருஷம் ஒப்பேற்றிய பௌதிகம் அன்றைக்குத்தான் எனக்குப் பிரயோஜனப்பட்டது. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடம்பு மறுபக்கம் சாயாமல் இடுப்பின் பக்கத்துச் சதை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பும் சேர்ந்து, மூட்டின் மேல் நம் எடையைப் போல இரண்டரை மூன்று மடங்கு பாரம் விழுகிறது. எதிர்க்கையில் தடி ஊன்றினால் நெம்புகோல் நீளமாகிறது. கொஞ்சம் ஊன்றினாலே பாரம் நிறையக் குறைகிறது.

இரண்டாவது மாதம் ஒரு நாள் அந்தப் பெண் என்னைக் கண்ணாடிக்கு முன் நடக்கவிட்டு, "வலி இருக்குதுங்களா சார்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப எதுக்கு நொண்டறீங்க?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. வலி போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் கண்ணாடியில் வந்தவன் நொண்டிக்கொண்டுதான் வந்தான். மூன்று வருஷமாக வலிக்கு ஒதுங்கி ஒதுங்கி, உடம்பு அந்த நடையைப் பாடம் பண்ணி வைத்திருந்தது. இழுத்துப் பிடிக்க வேண்டிய சதை வேலையில்லாமல் மெலிந்திருந்தது. டாக்டர் எலும்பைத்தான் மாற்றினார். நடையை அவரால் மாற்ற முடியாது. ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கித் தூக்கி, பத்துப் பத்தாக எண்ணி, நான்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பக்கத்து மேஜையில் பல்லடத்துப் பக்கத்து ஆத்தா ஒருத்தி, எழுபது வயசு, விழுந்து இடுப்பு முறிந்து மூட்டு மாற்றிக்கொண்டவள், பத்து சொன்னால் பதினைந்து செய்வாள். எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்டேன். "ஊட்ல ரெண்டு எருமை நிக்குதுங்க தம்பி. அதுகளுக்கு இடுப்பு ஒடிஞ்சது தெரியுமா?" என்றாள். அன்றிலிருந்து நானும் பன்னிரண்டு செய்தேன்.

மூன்றாவது மாதம் தடியை விட்டேன். ஒரு காலை, மனைவியுடன் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குப் போனேன். வழியில் அவள் நாலடி வைப்பதும் நிற்பதுமாக வந்தாள். வெயிலினாலோ என்று பார்த்தேன், இல்லை. மூன்று வருஷமாக எனக்காக மெல்ல நடந்து நடந்து, அந்த நடை அவள் காலிலும் பாடமாகியிருந்தது. அவளுக்கு ஆபரேஷனும் கிடையாது, பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது.

"கொஞ்சம் வேகமா நடயேன்" என்றேன்.

நின்று என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். கண் கலங்குகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். அதற்குள் காய்கறிப் பையை நீட்டி, "அப்படீன்னா இதை நீங்க தூக்கிட்டு வாங்க" என்றாள்.

வலது கையில் வாங்கிக்கொண்டேன். சுமை விஷயத்தில் சட்டம் தடிக்கு நேர் எதிர். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில்தான் சுமக்க வேண்டும்.