கையை உயர்த்துங்கள்!

திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்தைக் கடக்கும்போதெல்லாம் என் நாக்கு, கீழ்த்தாடையின் வலப்புறத்து வெற்றிடத்தைத் தடவிப் பார்க்கும். அந்தத் தெருவழியே தான், பதினாறு வயதில், பல்லைப் பறிகொடுத்துவிட்டு நடந்து வந்தேன். மருத்துவர் நின்றார், நான் மர நாற்காலியில் விறைத்து அமர்ந்தேன், மாமா பின்னாலிருந்து என் தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஈறு மரத்துப்போகு முன்பே குறடு வந்துவிட்டது. "நிறுத்துங்கள்" என்று அலற நினைத்தேன். வாய் நிறையக் குறடு. சொல் எங்ஙனம் வெளிவரும்? "ஆண்பிள்ளை, பொறுத்துக்கொண்டாயே!" என்றார் மாமா. பொறுமையாம்! கட்டிப்போட்ட மாட்டைப் பொறுமைசாலி என்று பாராட்டுவார் உண்டோ?

அந்த மருத்துவரைப் பழித்து முடித்துவிட்டால் போதுமா, தோழர்களே? அவர் நிலையையும் எண்ணிப் பாருங்கள். மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் முதுகெலும்பு தாங்கும். கவிழ்ந்தால் கழுத்துத் தசைகளன்றோ சுமக்க வேண்டும்? நாளெல்லாம் நின்று, குனிந்து, திரும்பி, பிறர் வாய்க்குள் எட்டிப் பார்த்தே கழுத்தும் முதுகும் தேய்ந்தவர் எத்தனை பேர்! இலண்டனில் ஜேம்ஸ் சினெல் என்பார் சாயும் நாற்காலி செய்தது 1832இல். முழுதும் படுக்கவைக்கும் நாற்காலி அமெரிக்காவில் வந்ததோ 1958இல். நோயாளி படுத்தார், மருத்துவர் உட்கார்ந்தார். இத்துணை எளிய மாற்றத்துக்கு இத்துணை ஆண்டுகள்!

2023இல் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். பல்லாண்டுகளாக ஒரு பக்கமாகவே மென்று வந்த என் அன்னையாரை அங்கே அழைத்துச் சென்றேன். நாற்காலி மெல்லச் சாய்ந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நாலு பேர் பார்க்கக் காலை நீட்டிப் படுப்பதா? சாகும்போது படுத்துக்கொள்கிறேன்" என்றார். பெண் படுத்தால் குற்றம் என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது என மேடைப் பேச்சொன்று என் தொண்டைவரை வந்தது. இளம் பெண் மருத்துவரோ வாதிடவில்லை. காலின்மீது துணியொன்றைப் போர்த்தினார். கழுத்தடியில் சிறு துண்டை மடித்து வைத்தார். நாற்காலி எவ்வளவு சாயும் என்பதை முன்னரே சொல்லிச் சாய்த்தார். பிறகு சொன்னார்: "வலித்தாலும், மூச்சு முட்டினாலும் இடக்கையை உயர்த்துங்கள், அம்மா. உடனே நிறுத்திவிடுவேன்."

என் பதினாறு வயதில் இந்த ஒரு சொல்லை எவரேனும் சொல்லியிருக்கக் கூடாதா?

அவர் அமர்ந்த விதத்தையும் கவனித்தேன். பாதங்கள் தரையில் ஊன்றியிருந்தன. முழங்கைகள் விலாவை ஒட்டியிருந்தன. அன்னையின் வாய் அவர் முழங்கை உயரத்தில் இருந்தது. மேல்வரிசைப் பல்லைக் காணக் கழுத்தை வளைக்காமல் கண்ணாடியைச் சாய்த்தார். இது தம் சொகுசுக்காக மட்டுமன்று, கழுத்து வலிக்கும் மருத்துவரின் கையில் நடுக்கம் வரும், அது நோயாளிக்கே தீங்கு என்றார்.

சொத்தையைச் சுரண்டும் வேளையில் அன்னையின் இடக்கை உயர்ந்தது. எந்திரம் அக்கணமே நின்றது. என் நெஞ்சு துணுக்குற்றது.

மரத்துப்போன உதட்டோடு அன்னை குழறினார்: "ஏன் தாயி, இவ்வளவு நேரம் இருக்கிறாயே, உனக்கு முதுகு வலிக்கலையா?"