மார்ஷல் அடித்த சல்யூட்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

என் அக்கா பேரன் இன்ஜினியரிங் முடித்தவன். விமானப்படையில் அதிகாரியாகச் சேர வேண்டும் என்று ஏ.எஃப்.கேட் எழுதி, பாஸாகி, மைசூருவுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். தேர்வாகவில்லை. ஊருக்கு வந்ததிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "நீ வாத்தியார்தானடா, ஒரு வார்த்தை சொல்லேன்" என்கிறாள் அக்கா. நேரில் சொன்னால் "தாத்தா பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டாரு" என்று எழுந்து போய்விடுவான். போனில் வந்தால் படிப்பான். அதனால்தான் இந்தப் பதிவு. அவனைப் போல மனம் சோர்ந்து இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

அர்ஜன் சிங் என்ற பெயரை எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்கள் கேட்டிருப்பீர்கள். 1919 ஏப்ரல் 15-ல் லயால்பூரில் பிறந்தவர். அந்த ஊர் இன்று பாகிஸ்தானில் பைசலாபாத் என்ற பெயரில் இருக்கிறது. 19 வயதில் இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்குத் தேர்வானார். 1939 டிசம்பரில் அதிகாரியாக வெளியே வந்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.

1944-ல் ஜப்பான் படை பர்மா வழியாக வந்து இம்பாலைச் சுற்றி வளைத்தது. தரை வழி அடைபட்டு, சாப்பாடும் குண்டும் விமானத்தில்தான் வர வேண்டிய நிலை. அங்கே ஹரிக்கேன் விமானங்களோடு இருந்த ஒன்றாம் ஸ்குவாட்ரனுக்கு 25 வயது அர்ஜன் சிங்தான் தலைவர். மலைக்கும் மேகத்துக்கும் நடுவே தாழப் பறந்து எதிரி எங்கே நிற்கிறான் என்று பார்த்து வந்து சொல்வதும், குண்டு போடுவதும் அவர்கள் வேலை. மவுண்ட்பேட்டன் பிரபு இம்பாலுக்கே வந்து டி.எஃப்.சி. என்னும் வீரப்பதக்கத்தை அவர் நெஞ்சில் குத்தினார்.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சார், அப்ப அவரு வெள்ளைக்காரனுக்காகத்தான சண்டை போட்டாரு?" நல்ல கேள்வி. இம்பாலுக்கு வந்த ஜப்பான் படையோடு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் வந்தது. அதில் மலேயாவிலிருந்து சேர்ந்த தமிழர்கள் நிறையப் பேர். 1942-ல் நம் பக்கத்துக் குலசையில் உப்பிலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கில் காசிராஜனுக்கும் ராஜகோபாலனுக்கும் தூக்கு விதித்ததும், பிறகு அந்தத் தண்டனை குறைக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். ஒரே காலத்தில் ஒருவர் வெள்ளைக்காரன் சிறையில், ஒருவர் நேதாஜி படையில், ஒருவர் வெள்ளைக்காரன் விமானத்தில். அன்றைய இந்தியா அப்படித்தான் இருந்தது. அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: வெள்ளைக்காரன் போன பிறகு அந்த விமானம் ஓட்டும் வித்தை நம்மிடம் இருந்தது. 1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லி செங்கோட்டைக்கு மேல் நூற்றுக்கும் அதிகமான விமானங்கள் அணிவகுத்துப் பறந்தன. முன்னால் பறந்தவர் அர்ஜன் சிங்.

1964 ஆகஸ்டில் 45 வயதில் விமானப்படைத் தளபதி ஆனார். ஒரு வருடத்தில் போர் வந்துவிட்டது.

எதிரில் நின்றவர்கள் யார் தெரியுமா? பிரிவினைக்கு முன் இவரோடு ஒரே படையில் இருந்தவர்கள். 1965 ஏப்ரலில் கட்ச் பகுதியில் சண்டை மூண்டபோது பாகிஸ்தான் விமானப்படைத் தளபதி அஸ்கர் கான் இவருக்குப் போன் போட்டு, இரண்டு விமானப்படையும் ஒதுங்கி இருக்கலாம் என்று பேசினார். அன்று அது நடந்தது. செப்டம்பரில் நடக்கவில்லை.

1965 செப்டம்பர் 1. காஷ்மீரின் சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் புகுந்துவிட்டன. குறி அக்னூர் பாலம். அது போனால் காஷ்மீரில் இருக்கும் நம் படைக்கு வழி அடைபடும். பாதுகாப்பு அமைச்சர் சவான், "விமானப்படை எவ்வளவு நேரத்தில் வர முடியும்?" என்று கேட்டார். "ஒரு மணி நேரத்தில்" என்றார் அர்ஜன் சிங். அரை மணி நேரத்துக்குள் பதான்கோட்டிலிருந்து முதல் விமானங்கள் கிளம்பிவிட்டன.

கிளம்பியவற்றில் 12 வாம்பயர், 14 மிஸ்டேர். வாம்பயர் அப்போதே பழசாகிப்போன விமானம். பாகிஸ்தானிடம் அமெரிக்கா கொடுத்த சேபர் இருந்தது. நல்ல விமானம் வரட்டும் என்று காத்திருக்க நேரம் இல்லை. கையில் இருந்ததை அனுப்பினார். நான்கு வாம்பயர்கள் திரும்பி வரவில்லை. மாலை மங்கும் நேரத்தில் மேலிருந்து பார்த்தால் நம் டாங்கி எது, எதிரி டாங்கி எது என்று தெரியாது. நம் குண்டுகள் சில நம் ஆட்கள் மேலேயே விழுந்தன. போர்க்களத்தில் இது எல்லா நாட்டுக்கும் நேர்ந்த கொடுமை. இத்தாலியின் விமானப்படை மார்ஷல் இட்டாலோ பால்போ, 1933-ல் 24 கடல் விமானங்களை அட்லாண்டிக் தாண்டி சிகாகோவில் கொண்டுபோய் இறக்கிய பெரிய ஆள், 1940 ஜூன் 28-ல் லிபியாவின் டோப்ரூக்கில் இறங்க வந்தபோது அவர் நாட்டுப் பீரங்கியே அவரைச் சுட்டு வீழ்த்தியது.

அந்த மாலை பாகிஸ்தான் டாங்கிகளின் வேகம் குறைந்தது. அக்னூர் கடைசிவரை அவர்கள் கைக்குப் போகவில்லை. செப்டம்பர் 3-ல் டிரெவர் கீலர் சின்னஞ்சிறு நாட் விமானத்தில் போய் சேபரை எதிர்கொண்டு வீர் சக்ரா வாங்கினார். அவர் அண்ணன் டென்சிலும் அதே போரில் அதே விருது வாங்கினார். செப்டம்பர் 6 மாலை பதான்கோட்டிலும், மறுநாள் கலாய்குண்டாவிலும், தரையில் நின்ற நம் விமானங்களை எதிரி வந்து அடித்துவிட்டுப் போனான். செப்டம்பர் 7-ல் சர்கோதாவைத் தாக்கப் போன குடகு நாட்டுக்காரர் தேவய்யா திரும்பவில்லை. அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தது 1988-ல். 23 வருடம் கழித்து! தளபதி நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வெற்றிச் செய்தியும் சாவுச் செய்தியும் ஒரே போனில்தான் வரும். இரண்டையும் கேட்டுவிட்டு அடுத்த உத்தரவு போட வேண்டும். செப்டம்பர் 23-ல் போர் நின்றது.

அந்த வருடமே பத்ம விபூஷண். 1966-ல் நாட்டின் முதல் ஏர் சீஃப் மார்ஷல். 1969-ல் 50 வயதில் ஓய்வு. பிறகு சுவிட்சர்லாந்தில் தூதர், டெல்லியில் துணைநிலை ஆளுநர். 2002-ல் விமானப்படையின் மார்ஷல் என்ற ஐந்து நட்சத்திரப் பதவி. அதை வாங்கிய ஒரே ஆள் அவர்தான். டெல்லிக்கு அருகே இருந்த தன் பண்ணை நிலத்தை விற்று, ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர்களின் நலனுக்காக 2 கோடி ரூபாய் கொடுத்து அறக்கட்டளை வைத்தார். தன்கீழ் வேலை பார்த்தவர்களை மறக்காத மனிதர்.

இப்போது பேரனுக்கு வருகிறேன்.

நம் கடற்கரைக்காரர் ஒருவருக்கும் விமானம் ஓட்ட ஆசை. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். 25 பேர் வந்தார்கள், 8 பேருக்கு இடம். இவர் ஒன்பதாவது. ஒரே ஒரு இடத்தில் போச்சு. மனம் உடைந்து ரிஷிகேஷ் போய் கங்கையில் குளித்துவிட்டு, சுவாமி சிவானந்தரைப் பார்த்துவிட்டு, டெல்லிக்குத் திரும்பிக் கிடைத்த விஞ்ஞான உதவியாளர் வேலையில் சேர்ந்தார். இதை 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே சொல்கிறார். ராமேஸ்வரத்து அப்துல் கலாம்தான்.

2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் கலாம் ஐயா காலமானார். மறுநாள் உடல் டெல்லி பாலம் விமானநிலையத்துக்கு வந்தது. அஞ்சலி செலுத்த 96 வயது அர்ஜன் சிங் சக்கர நாற்காலியில் வந்தார். உட்கார்ந்தபடியே வணங்கினால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, கையை நெற்றிக்குக் கொண்டுபோய் சல்யூட் அடித்தார். அந்தப் போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

விமானப்படை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பையனுக்கு, அந்த விமானப்படையின் ஒரே மார்ஷல் எழுந்து நின்று மரியாதை செய்தார். 2017 செப்டம்பர் 16-ல் அவரும் 98 வயதில் போய்ச் சேர்ந்தார்.

பேரப்பிள்ளை, உனக்கு இடம் கிடைக்காதது வருத்தம்தான். வருத்தமே படாதே என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் படு, நாலு நாள் படு. வயது இருந்தால் மறுபடி எழுது. இல்லையென்றால் வேறு வழியில் போ. புது விமானம் வரட்டும் என்று அன்றைக்கு அர்ஜன் சிங் காத்திருந்தால் அக்னூர் போயிருக்கும். உன் கையில் இன்றைக்கு ஒரு இன்ஜினியரிங் பட்டம் இருக்கிறது. நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் வைத்திருக்கிறார்கள். கலாம் ஐயா போன பாதை இப்போது நம் தேரிக்காட்டு வாசலுக்கே வந்திருக்கிறது.

நம் பள்ளியில் படித்து முப்படைகளில் இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள். எத்தனையாவது முயற்சியில் தேர்வானீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். இந்தப் பையன்கள் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் சார், உடன்குடி.