கோயில் வீதியில் ஒரு தொழில்

நாடகமும் அரங்கியலும் படிக்கிற எங்களிட்ட ஊரில எல்லாரும் கேட்கிறது ஒண்டுதான்: "இதைப் படிச்சு என்ன செய்யப் போறியள்?" ஆசிரியர் நியமனம் எண்டால் கேட்டவருக்கு நிம்மதி. பாடி நடிச்சே பிழைக்கப் போறம் எண்டால் சிரிப்பு. எங்களுக்குள்ள கதைக்கும்போது நாங்கள் சொல்லிக்கொள்ளும் காரணமும் ஒன்றுதான். எங்களிட்ட நல்ல அரங்குகள் இல்லை, நல்ல ஒளி இல்லை, பிறகெப்படி நாடகம் ஒரு தொழிலாகும்?

இந்தக் காரணத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கவேண்டும். எங்கட இசை நாடகம் அரங்குகளை நம்பி வளர்ந்ததல்ல. தமிழ்நாட்டுக் கம்பனிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது கொட்டகை போட்டு ஆடின. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை இங்குள்ளவர்கள் பழகியபிறகு அவை கோயில் வீதிகளுக்கும் வெளிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், தூக்கிக் கட்டின திரை, விடியும்வரை பாடக்கூடிய தொண்டை. காங்கேசன்துறையின் நடிகமணி வி.வி. வைரமுத்துவும் அவருடைய வசந்த கான சபாவும் 'அரிச்சந்திர மயான காண்டம்' ஆடிப் பெயரெடுத்ததும் இந்த மாதிரி இடங்களில்தான். சனம் பாயோடு வந்து மணலில் இருந்து பார்த்தது.

அதே கோயில் வீதியை இன்றைக்குப் பாருங்கள். திருவிழாவுக்கு நாதஸ்வர, தவில் வித்துவான்கள் வருகினம். அவர்களுக்கு மண்டபம் தேவையில்லை. எந்தக் கோயிலுக்கு எந்த நாள் என்பது முன்கூட்டியே பேசி முடிந்திருக்கும். கொடியேற்றம் தொடங்கி தீர்த்தம்வரை ஆட்கள் தேவை. திருவிழா இல்லாத நாளில் கல்யாண வீடு. உபயகாரருக்கு அவர்களின் கணக்கு தெரியும், சவுண்ட்ஸ்காரரின் கணக்கும் சோடனைக்காரரின் கணக்கும் தெரியும். நாடகக்காரரின் கணக்கு மட்டும் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அப்படியொரு கணக்கை நாங்கள் இன்னும் சொல்லவில்லை. மேளத்தைத் தொழிலாக்கிய அந்த வீதி நாடகத்துக்கு மட்டும் எப்படி இடம் போதாமல் போகும்?

மதுரைப் பக்கத்தின் 'ஸ்பெஷல் நாடக'த்தைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கு இது இன்னும் தெளிவானது. அங்கேயும் மேடை என்பது ஊர்த் திருவிழாவில் கட்டும் பந்தல்தான். இரவு பத்து மணிபோலத் தொடங்கி விடியும்வரை போகும். விசேஷம் என்னவென்றால், ஒரு குழுவாக ஆட்களைப் பிடிப்பதில்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி எடுப்பார்கள். ஒத்திகை கிடையாது. 'வள்ளி திருமணம்' என்றால் எல்லாருக்கும் பாட்டும் தர்க்கமும் மனப்பாடம், அன்றைக்கு இரவுதான் மேடையில் சந்திப்பார்கள். பங்குனி, சித்திரை, வைகாசி என்றால் ஓய்வில்லாத வேலை. நடிகர்களுக்குச் சங்கமும் இருக்கிறது.

இதைச் சொர்க்கம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. வேலை குறைந்த மாதங்களில் கடன் வாங்கித்தான் சீவியம். இரவில் மேடையேறும் பெண்களை ஊர் எப்படிக் கதைக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அந்தக் கதையைச் சுமந்துகொண்டேதான் அவர்கள் வேலை செய்கிறார்கள். ஆனாலும் அது ஒரு தொழில். எல்லாருக்கும் தெரிந்த நாடகங்கள், வேலை வரும் மாதங்கள், ஆளுக்கொரு கூலி, பேச ஒரு சங்கம் என்ற நாலும் அங்கே இருக்கின்றன. இந்த நாலுக்கும் கட்டடம் தேவைப்படவில்லை.

மட்டக்களப்புக் கூத்து வேறு வழி. அங்கே வட்டக்களரியில் ஆடுகிறவருக்குக் கூலி என்ற பேச்சே இல்லை. அவர் தன் கையால் செலவழித்து ஆடுவார். அரங்கேற்றம் முடிந்து வீட்டுக்கு வீடு ஆடும்போது அன்பளிப்பு கிடைக்கும். அது ஊரின் கலை, அந்த முறையில் பிழையில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'இராவணேசன்' போன்றவற்றைப் பேராதனையில் மேடையேற்றியபோது கூத்துக்குப் படித்தவர்களிடம் மதிப்பு வந்தது. சுருங்கிய நேரம், படச்சட்ட மேடை, இருக்கையில் இருந்து பார்க்கும் சபை. எங்கட பாடத்திட்டம் அந்த மதிப்பின் பிள்ளை. ஆனால் மதிப்பு வேறு, சீவனம் வேறு. மண்டபம் இருந்தால்தான் நாடகம் என்ற எண்ணமும் அந்த மதிப்போடு சேர்ந்தே எங்களுக்குள் வந்திருக்கவேண்டும்.

இப்ப எங்களுக்கு வாற அழைப்புகளைப் பார்ப்பம். ஹோட்டல் ஒன்றின் விழா, ஒரு நிறுவனத்தின் விழிப்புணர்வு நிகழ்ச்சி, கடற்கரையில் ஒரு பெருவிழா. "தம்பியவை, மேடை தாறம், நல்ல சனம் வரும், வந்து செய்யுங்கோ." சவுண்ட்ஸுக்கு அட்வான்ஸ் போயிருக்கும். எங்களுக்குச் சான்றிதழும் சாப்பாட்டுப் பார்சலும். மூன்று கிழமை பழகின தங்கச்சி ஒருத்தி பஸ் காசைக் கடன் வாங்கி வந்திருப்பாள். அடுத்தமுறை அவள் வரமாட்டாள், வரச்சொல்லி அவளைக் கேட்கவும் எங்களால் ஏலாது.

அதனால் எங்கட குழுவில இப்ப ஒரு பழக்கம். அழைப்பு வந்தவுடன் மேடை எத்தனை அடி என்று கேட்பதற்கு முதல், ஆளுக்கு எவ்வளவு, போக்குவரத்து யார், முற்பணம் எப்ப என்று கேட்கிறோம். கேட்டபிறகு சிலர் திரும்ப எடுப்பதில்லை. ஒன்றிரண்டு பேர் எடுக்கினம். எந்த ஊர்த் திருவிழாவிலும் அடுத்தநாளே ஆடக்கூடியமாதிரி இரண்டு இசை நாடகங்களை எல்லாரும் மனப்பாடமாக்கிக்கொண்டும் இருக்கிறோம். எந்தப் பாட்டை ஆர் எடுத்தாலும் மற்ற ஆள் விடாமல் பிடிக்கவேண்டும், அதுதான் இப்போதைய பயிற்சி. பின்னேரங்களில் மரத்தடியில் நடக்குது.