கல்லில் நின்ற பெயர்கள்

எங்கள் ஊர்க் குளக்கரையில் எழுத்துடைய நடுகல் ஒன்று துணி துவைக்கும் கல்லாய்க் கிடந்ததை இளமையில் கண்டு வருந்தியவன் யான். ஆதலின், தென் ஆஸ்திரேலியச் சிற்றூர்களிலுள்ள லுத்தரன் கல்லறைத் தோட்டங்களின் வரலாறு என் உள்ளத்தைத் தொட்டது.

பிரஷ்ய மன்னர் தம் ஆணையால் வழிபாட்டு முறையை மாற்றினார். அதற்கு இசையாத லுத்தரன் குடியானவர் பலர், காவெல் என்னும் குருவைப் பின்பற்றி, 1838-இல் கடல் கடந்து சென்றனர். காடு திருத்திக் கழனியாக்கினர். மறுஆண்டு ஹாண்டார்ஃப் என்னும் சிற்றூரை அமைத்தனர். இறந்தோரை அம்மண்ணிலேயே அடக்கம் செய்து, கல்லில் தம் தாய்மொழியாகிய ஜெர்மனில் பெயர் பொறித்தனர். காவெலும் 1860-இல் மறைந்து லாங்மைல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார்.

பின்னர் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மன் பெயர்கள் வெறுப்புக்குரியன ஆயின. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 69 இடப்பெயர்கள் மாற்றப்பெற்றன. ஹாண்டார்ஃப் 'ஆம்பிள்சைடு' ஆயிற்று. பழைய பெயர் மீண்டது 1935-இலேதான். நிலப்படத்தில் ஊர்ப்பெயரை மாற்றிய ஆணை, கல்லறை எழுத்தை மாற்றவில்லை. அவ்வூரை உண்டாக்கியவர் யாவர் என்பதற்கு அக்கற்களே சான்று பகர்ந்து நின்றன.

ஆயினும், ஆணைக்கு அஞ்சாத கல்லும் மழைக்கும் வெயிலுக்கும் தேயும். அதனைப் பேணுதல் இறந்தோர்க்குச் செய்யும் கடன் மட்டுமன்று; இனி வருவோர்க்கு மெய்ம்மையை விட்டுச்செல்லும் அறமும் ஆகும்.